லக்ஷ்மிபாய் நகரில் அறுநூறு லிட்டர் கடல்

1

நான் தில்லிக்கு வந்து பதினான்கு வருஷமாகிறது. ஒவ்வொரு முறை தூத்துக்குடி ஸ்டேஷனில் இறங்கும்போதும் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: "ஏம்மா, அங்கன நல்ல மீன் கிடைக்கா?" கிடைக்கிறது என்பேன். எங்கள் வராந்தாவிலேயே, ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டியில் கிடைக்கிறது, ஆனால் குழம்பு வைக்க முடியாது என்பேன். கேட்டவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தில்லி வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டு போய்விடுவார்.

இந்தப் பங்குனியோடு அந்தத் தொட்டிக்கு ஐந்து வயது. என் மகள் சுபா அதன் மேல் நாலு பலூன் கட்டியிருக்கிறாள். இதுதான் சாக்கு என்று ஊர்க்காரர்களுக்கு நாலு வார்த்தை எழுத உட்கார்ந்துவிட்டேன். அதிலும் போன வருஷம் நடந்த கூத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

அப்பா தோணி கட்டும் ஓடாவி. நான் படித்தது விலங்கியல். வாய்த்தது லோதி ரோட்டில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலை. படிப்புக்கும் வேலைக்கும் உள்ள ஒரே சம்பந்தம், ஃபைல்களை அரிக்கும் பூச்சிகளின் பெயர் எனக்குத் தெரியும் என்பதுதான். என் வீட்டுக்காரர் சண்முகம், மதுரைக்காரர். அவரும் குமாஸ்தாதான், வேறு ஆபீஸ். "மீனை ஆயாம வேடிக்கை பாக்குற ஒரே தூத்துக்குடிக்காரி எனக்குன்னு வாய்ச்சிருக்கா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். சொல்லிவிட்டு அவரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு வேடிக்கைதான் பார்ப்பார்.

2

கடல் தண்ணீர் தில்லியில் எந்தக் கடையிலும் விற்பதில்லை. ஆனால் தில்லித் தமிழர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஊருக்குப் போகிறார்கள் என்று காற்றில் செய்தி வந்தால் போதும், காப்பிப்பொடி, அப்பளம், நல்லெண்ணெய், கல்யாணப் பட்டு என்று தெருவே பட்டியலைக் கையில் திணித்துவிடும். மாட்டேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த தடவை அவர்களுக்கு ஒரு அப்பளம்கூட வராது. நான் என் பட்டியலில் எழுதினேன்: "கடல் தண்ணீர், ஒரு கேன்."

முதலில் சிரித்தார்கள். பிறகு கொண்டுவந்தார்கள். ஊரில் என் அண்ணன் முருகேசன் துறைமுகம் தாண்டி ஆழத்துக்குத் தோணியில் போய் மொண்டு, கேனை மூடி, மெட்ராஸில் இன்னார் வீட்டில் சேர்த்துவிடுவான். அங்கிருந்து யாரோ ஒரு மாமா, யாரோ ஒரு டீச்சர், பெட்டி படுக்கையோடு அதையும் ரயிலேற்றுவார்கள். ஒரு டிக்கெட் பரிசோதகர் கேனைத் தட்டிப் பார்த்து, "இதுல என்ன?" என்று கேட்டாராம். "கடல் தண்ணி சார்." "இது எதுக்கு?" "தில்லியில இல்லையே சார், அதுக்குத்தான்."  இப்படி முப்பது கேன் சேர எட்டு மாதம் ஆயிற்று. எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், சாமி அலமாரிக்குக் கீழே, எங்கே பார்த்தாலும் கேன்.

அப்போது லக்ஷ்மிபாய் நகரில் நாங்கள் மாடி வீட்டில் இருந்தோம். குவார்ட்டர்ஸ் பராமரிப்பு இன்ஜினியர் வந்து காலித் தொட்டியை அளந்தார். "தண்ணீர் நிரப்பினால் பத்து ஆள் கனம். தளம் தாங்காது" என்றார். "ஏன், என் வீட்டுக்குப் பத்து பேர் வரக் கூடாதா?" என்று கேட்டேன். "வரலாம் மேடம், திரும்பிப் போய்விட வேண்டும். இது போகாதே!" என்றார். நியாயம்தான், என்ன செய்ய?

கீழ் வீட்டு சர்மாஜிதான் காப்பாற்றினார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், ரயில்வேயில் பார்சல் பிரிவில் வேலை, என்னை அண்ணி முறையில் பாபிஜி என்பார். "பாபிஜி, எனக்கு மாடிக்காற்று பிடிக்கும், மாற்றிக்கொள்வோம்" என்றார். மூன்று பிரதி விண்ணப்பம், இரண்டு பேர் கையெழுத்து, அப்புறம் "இடமாற்றத்துக்கான காரணம்" என்று ஒரு கட்டம். அதில் "கடல்" என்று எழுத என் வீட்டுக்காரர் விடவில்லை. "குடும்ப நலன்" என்று எழுதினார். பதினோரு மாதத்தில் உத்தரவு வந்துவிட்டது, தில்லிக்கு இது மின்னல் வேகம். மாடிக்காற்று பிடிக்கும் என்று சொன்ன சர்மாஜிக்கு முழங்கால் வலி உண்டு என்பது அதற்கப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

3

காலையில் எழுந்ததும் எனக்குக் காப்பி அப்புறம்தான். முதலில் தொட்டி. எங்கள் ஊர் உப்பளத்தில் டிகிரி பார்ப்பார்களே, அந்தக் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு மூன்றரை காட்டுகிறதா என்று பார்ப்பேன். மே மாதத்து அனல்காற்றில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், உப்பு ஏறும். காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி இறக்க வேண்டும். வராந்தா ஜன்னலில் ஈரக் கோணியும், எதிரே கூலரும். ஜனவரியில் தலைகீழ், தொட்டி ஓரமாக நூறு வாட் பல்பு எரியும். எங்களுக்கு ஹீட்டர் கிடையாது, மீன்களுக்கு உண்டு.

கரண்ட் போனால்தான் திருவிழா. காற்று மோட்டார் நின்றுவிடும். சைக்கிள் பம்பை வைத்து அடிக்க வேண்டும். "ஜல்தி! ஜல்தி!" என்று சுபா கத்த, மாடியிலிருந்து சர்மாஜியும் அவர் மகள் சுனிதாவும் ஓடி வருவார்கள். ஆளுக்கு நூறு அடி. அடித்துக்கொண்டே பக்கத்து பிளாக் சண்டை, கத்திரிக்காய் விலை, யாருக்குப் பிரமோஷன் எல்லாம் அலசிவிடுவோம். கரண்ட் வந்துவிட்டால் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வரும்.

சுபாவுக்குப் பத்து வயது. தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் விடிந்துவிடும். முதன்முதலாக ஊர்க்கடலைக் காட்டியபோது அலையையே வெறித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இதோட மோட்டார் எங்க இருக்கு?" என்றாள். முருகேசன் அண்ணன் மணலில் உருண்டு சிரித்தான்.  பிறகு நானும் சேர்ந்து சிரித்தேன்.

இன்னொன்றையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தில்லியில் எந்த ஊர் என்று கேட்டு, தூத்துக்குடி என்று சொன்னால், முகம் வெள்ளைக் காகிதமாகிவிடும். எத்தனை பேருக்குத்தான் படம் போட்டு விளக்குவது? தொட்டித் தண்ணீர் எங்கிருந்து என்று சர்மாஜி முதல்நாள் கேட்டபோது, "ராமேஸ்வரம்" என்று சொல்லிவிட்டேன். நடுவில் அரைநாள் பஸ் பயணம் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அவர் கண்ணை மூடிக் கைகூப்பினார். அன்றிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டிக்கு முன்னால் வருவார். "அடிப்பாவி" என்றார் என் வீட்டுக்காரர்.

4

தொட்டியின் மகாராணி ஒரு மட்டி, பெரிய சிப்பி ஜாதி. மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோன தோணியில் வந்தவள். இரண்டு கை சேர்த்த அளவு. ஓட்டுக்கு வெளியே மடிப்பு மடிப்பாக உதடு, மயில்கழுத்துப் பட்டு நிறம், அதில் கறுப்புப் புள்ளி. வெயில் பட்டால் உதட்டை விரித்துக்கொண்டு கிடப்பாள். நம் நிழல் பட்டால் வெடுக்கென்று மூடிக்கொள்வாள். சுபா அவளுக்கு ராணி என்று பெயர் வைத்திருந்தாள். சுற்றிலும் பவளங்கள், பூ மாதிரி விரியும் கடல் சாமந்தி என்ற ஒரு பிராணி, அதற்குள் குடித்தனம் நடத்தும் இரண்டு கோமாளி மீன்கள், தனியாகத் திரியும் ஒரு வண்ணாத்தி மீன்.

போன வருஷம் மாசியில் சுனிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை கடற்படையில், விசாகப்பட்டினத்தில். பெண் தில்லியைத் தாண்டாதவள். அவள் கண்ணால் பார்த்த ஒரே கடல் எங்கள் வராந்தாவில் இருப்பதுதான். சாயங்காலம் வந்து தொட்டிக்கு முன் உட்கார்ந்து, "பாபிஜி, நிஜக் கடல் சத்தம் போடுமாமே, ராத்திரியெல்லாமா?" என்று கேட்பாள். பழகிவிடும் என்பேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை, ராணி திறக்கவில்லை. புதன்கிழமை பவளங்கள் சுருங்கின. வியாழக்கிழமை நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று மல்லாந்து கிடந்தன. சனிக்கிழமை சாமந்தி அழுகிய தக்காளி மாதிரித் தொங்கியது. டிகிரி மூன்றரை. சூடு சரியாக இருந்தது. ஆனால் மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காதது போலச் சுற்றி வந்தன.

வீட்டில் ஒருவரையும் நான் விட்டுவைக்கவில்லை. "கொசு மருந்து அடிச்சீங்களா? சோப்புக் கையை விட்டீங்களா?" "தாயே, நான் அந்தப் பக்கமே போகல. வேணும்னா மீன்கிட்டயே கேளு" என்றார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கும்போது பளிச்சென்று பட்டது. மீனுக்கு ஒன்றுமில்லை, ஓடும் சதையுமாக இருக்கிறதுக்குத்தான் கேடு. அப்பா தோணிக்கு அடியில் செப்புத் தகடு அடிப்பாரே, கொட்டலசும் சிப்பியும் ஒட்டாமல் சாகட்டும் என்று! தோசையை அப்படியே விட்டுவிட்டு ஓடி, தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினேன். ராணி உட்கார்ந்திருந்த கல்லுக்குப் பின்னால், மணலுக்குள், நடுவில் ஓட்டை போட்ட பழைய செப்புக் காசு. பச்சை பூத்திருந்தது.

"யாரு வேலைடி இது?"

"சர்மா அங்கிள்" என்றாள் சுபா, சர்வ சாதாரணமாக. "போன மண்டே. கண்ண மூடி, கை கும்பிட்டு, டால் தியா, போட்டுட்டார்."

"பாத்துக்கிட்டு என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"இதுல சொல்ல என்ன இருக்கு? பஸ் யமுனா பாலத்துல போறப்ப எல்லாரும் போடுறாங்கதானே? நானும்தான் போடுவேன்."

 தில்லியில் பிறந்த பிள்ளைக்குத் தண்ணீரில் காசு போடுவது, சாமிக்குப் பூ வைப்பது மாதிரி. கெட்ட புத்தி இல்லை, அது பழக்கம். ஆனாலும் கோபம் என் உச்சந்தலையில்தான் நின்றது. ஈரக் கையோடு மாடிப்படி ஏறினேன்.

5

சர்மாஜி தரையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைகளின் மூலையில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். காசை நீட்டினேன். அவர் பதறினார். "ஐயோ பாபிஜி, ஏன் எடுத்தீங்க? அது என் அப்பா கொடுத்த காசு. சமுத்திரத்துக்குக் கொடுத்தது."

"எதுக்கு?"

சுனிதா உள்ளே இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "பெண் கடலோரத்துல வாழப் போறா. நமக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷனும் இல்ல. அதான் சமுத்திரத்துக்கிட்டயே ஒப்படைச்சேன். என் பெண்ணைப் பார்த்துக்கோன்னு."

வாயில் வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. செம்பு மட்டிக்கு விஷம் என்று மட்டும் சொன்னேன். அவர் கையிலிருந்த பத்திரிகை கீழே விழுந்தது. "செத்துப் போயிடுமா?" என்றார். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பொய் வரவில்லை. "தெரியல சர்மாஜி" என்றேன்.

"பெண்ணைக் காப்பாத்துன்னு கேட்டுக்கிட்டே விஷம் வெச்சிருக்கேனே" என்றார். முகம் சாம்பலாகிவிட்டது. இனி ராணி செத்தால் அந்த மனிதர் கல்யாணப் பந்தலில் எப்படி நிற்பார்? பெண் அங்கே தும்மினால்கூட இங்கே இவர் நடுங்குவாரே! அப்போதுதான் எனக்கு உறைத்தது, காசு போட்டவர் அவர், போட வைத்தவள் நான். ராமேஸ்வரம் என்று அளந்திருக்காவிட்டால் இது நடந்தே இருக்காது.

சொல்லிவிட்டேன். இது ராமேஸ்வரத்துத் தண்ணீர் இல்லை, தூத்துக்குடித் தண்ணீர், சும்மா சுலபத்துக்காகச் சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்று. திட்டுவார் என்று நின்றேன். 

"பாபிஜி, ராமேஸ்வரத்து சமுத்திரத்துக்கும் உங்க ஊர் சமுத்திரத்துக்கும் நடுவுல யாராவது சுவர் கட்டியிருக்காங்களா?" என்றார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார். "இப்ப எத்தனை கேன் வேணும், அதைச் சொல்லுங்க."

கையிருப்பு இரண்டு கேன். அதை ஒரு பிளாஸ்டிக் டப்பில் ஊற்றி, காற்றுக் குழாயைப் போட்டு, ராணியையும் சாமந்தியையும் பவளங்களையும் அதில் இறக்கினேன். தொட்டியில் செம்பை உறிஞ்சட்டும் என்று துணியில் கட்டிய கரியைத் தொங்கவிட்டேன். அண்ணனுக்குத் தந்தி பறந்தது: இருபது கேன் உடனே அனுப்பு. தில்லியில் குடிக்கவே தண்ணீர் இல்லை போலிருக்கிறது என்று ஊரில் பாதிப் பேர் பயந்துவிட்டார்களாம். பார்சல் எழுதுகிற இடத்தில் குமாஸ்தா நம்பவில்லை. "தண்ணிய எவன்வே பார்சல் போடுவான்? மண்ணெண்ணெயா?" அண்ணன் மூடியைத் திறந்து, "குடிச்சுப் பாரும்" என்றானாம். அவர் குடித்து, துப்பி, முத்திரை குத்திவிட்டார்.

அந்த ஐந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ராணி இலேசாக வாய் பிளந்து கிடந்தாள். மட்டி இப்படித் தளர்ந்து பிளப்பது நல்லதல்ல. விரலால் தொட்டால் மெல்ல மெல்ல மூடிக்கொள்வாள். மூடுகிறவரை உயிர் இருக்கிறது. சர்மாஜி இரண்டு மணிக்கு ஒருதரம் மஞ்சள் கையோடு இறங்கி வந்து, கதவோரம் நின்று, "மூடிச்சா?" என்பார். மூடிச்சு என்பேன். மறுபடி முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறுவார். "கல்யாண வீட்டைப் பார்ப்பீர்களா, மட்டியைப் பார்ப்பீர்களா?" என்று அவர் மனைவி மேலேயிருந்து போட்ட சத்தம் பிளாக் முழுக்கக் கேட்டது.

வெள்ளிக்கிழமை, கல்யாணத்தன்று மத்தியானம், சர்மாஜியே ஸ்டேஷனுக்குப் போய்க் கேன்களை டெம்போவில் ஏற்றி வந்தார். அங்கே படிவத்தில் ஒரு கட்டத்தில் இது பானமா, ரசாயனமா என்று நிரப்பச் சொன்னார்களாம். "மருந்து என்று எழுதினேன். பொய் இல்லையே, பாபிஜி?" என்றார். வாசலில் பாண்டு வாத்தியக்காரர்கள் சிவப்புக் கோட்டும் சரிகைத் தொப்பியுமாக மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் காத்திருந்தார்கள். சர்மாஜி கையைத் தட்டினார். "பையா, ஊதுவது அப்புறம், முதல்ல தூக்குங்க!" ஆளுக்கொரு கேன். கிளாரினெட்காரர் இரண்டு தூக்கினார். என் வீட்டுக்காரர் பழைய தண்ணீரைக் குழாய் வைத்து இறைக்க, சுபா டிகிரி பார்க்க, நான் ஊற்ற, சாயங்காலத்துக்குள் பாதிக்கு மேல் புதுக்கடல். ராணியை அவளுடைய கல்லிலேயே உட்கார வைத்தேன். அவள் அசையவில்லை.

6

மறுநாள் காலை பெண்ணை அனுப்பும் நேரம். வாசலில் சாமந்திப்பூ சுற்றிய கார். பெண்கள் பாடிக்கொண்டே அழுதார்கள், அழுதுகொண்டே பாடினார்கள். சர்மாஜி மட்டும் அழவில்லை. தலைப்பாகை கழுத்தில் தொங்க, மரக்கட்டை மாதிரி நின்றார். சுனிதா கார் வரைக்கும் போய்விட்டு, "ஒரு நிமிஷம்" என்று சிவப்புச் சேலையும் வளையலுமாக எங்கள் வராந்தாவுக்குள் ஓடி வந்துவிட்டாள். அவள் பின்னால் சர்மாஜி, அவர் பின்னால் மாப்பிள்ளை, ஊரே உள்ளே வந்துவிட்டது.

எட்டேகாலுக்கு எங்கள் வராந்தாவில் வெயில் விழும். விழுந்தது. தண்ணீருக்குள் இறங்கி, கல்லைத் தொட்டு, ராணியின் ஓட்டின் மேல் ஏறியது. ஒன்றும் நடக்கவில்லை. வெளியே கார் ஹார்ன் அடித்தது. ஒருவரும் நகரவில்லை. சுபா என் சேலை முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் ஒரு நூலிழை நீலம் தெரிந்தது. பிறகு விரற்கடை. பிறகு ஒரு மடிப்பு வெளியே வந்தது, இன்னொரு மடிப்பு, அப்புறம் முழு உதடும் விரிந்து, புள்ளி புள்ளியாக, வெயிலில் மினுங்கிக்கொண்டு ராணி திறந்துவிட்டாள். "அம்மா! குல் கயீ! குல் கயீ!" என்று சுபா குதித்தாள். மாப்பிள்ளை வீட்டார் விஷயம் புரியாமலே கைதட்டினார்கள். நான் வாய்விட்டே அழுதேன், எனக்கு என்ன வெட்கம்?

சர்மாஜியும் அப்போதுதான் உடைந்தார். பெண்ணின் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, எல்லாரும் கேட்க, மாப்பிள்ளையின் அம்மாவும் கேட்க, உரக்கச் சொன்னார்: "பாத்தியா மகளே, எங்கேயோ பிறந்து, யார் வீட்டுக்கோ வந்து, நான் விஷமே வெச்சும், எப்படித் திறந்துட்டா பார். நீயும் அங்கே போய் வாயை மூடிக்கிட்டு உட்காராதே. பேசு. சிரி. ஏதாவது ஒண்ணு சரியில்லைன்னா சத்தம் போடு. எங்களுக்குக் கேக்கும்."

அங்கே கூடியிருந்த பெண்களில் எங்கள் யாருக்கும் புறப்படும்போது யாரும் அப்படிச் சொல்லி அனுப்பியதில்லை. பாட்டு நின்றுவிட்டது. சுனிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமியார் பக்கம் திரும்பி, கல்யாணப் பெண் பேசக் கூடாத அந்த நேரத்தில், எல்லார் முன்னாலும் பேசினாள்: "அம்மாஜி, எனக்குக் காலையிலிருந்து பசிக்குது. ஏதாவது சாப்பிட்டுட்டுப் போகலாமா?"

மாமியார் ஒரு கணம் திகைத்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். நான் உள்ளே போய்த் தோசைக்கல்லை அடுப்பில் போட்டேன்.